தங்கம் கலந்த டையோடு

மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடுவது டையோடு என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அது முழு உண்மை அன்று. சிலிக்கன் டையோடில் மின்னோட்டம் பாயும்போது எலெக்ட்ரான்களும் துளைகளும் அதனுள் நிறைந்து நிற்கின்றன. மின்னழுத்தத்தைச் சட்டென்று திருப்பினால், அவை வெளியேறியோ ஒன்றுசேர்ந்தோ தீரும் வரை டையோடு எதிர்த்திசையிலும் மின்னோட்டத்தை விடும். இந்தச் சிறு பொழுதே மீட்சிக் காலம்.

வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20,000 மைக்ரோ வினாடி. டையோடு மூடிக்கொள்ளச் சில மைக்ரோ வினாடி பிடித்தால் யாருக்கு நட்டம்? 1950களில் சிலிக்கன் திருத்திகள் வந்தபோது மின்வழங்கி செய்தவர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. இடர்ப்பட்டவர்கள் கணிப்பொறிக்காரர்கள். அவர்களுடைய சுற்றுகளில் ஏராளமான டையோடுகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூட வேண்டியிருந்தது.

வழி பிறந்தது 1952இல். படிகத்தில் உள்ள சில அயல் அணுக்கள் எலெக்ட்ரானும் துளையும் சந்தித்து மறைய இடம் தருகின்றன என்று ஷாக்லியும் ரீடும், தனியே ஹாலும் விளக்கினார்கள். அப்படியானால் அயல் அணுக்களை வேண்டுமென்றே சேர்த்தால் என்ன? சேர்த்தார்கள், அதுவும் தங்கத்தை! (அளவைச் சொன்னால் நகைக்கடைக்காரர் சிரிப்பார்.) தங்கம் கலந்த கணிப்பொறி டையோடுகளைப் பற்றிப் பெல் ஆய்வுக்கூடத்தின் பகனோவ்ஸ்கியும் ஃபார்ஸ்டரும் 1960இல் விரிவாக எழுதினார்கள்.

மின்வழங்கிக்கும் அந்தத் தேவை வந்து சேர்ந்தது. பழைய மின்வழங்கியில் கனத்த இரும்பு உள்ளக மின்மாற்றி இருக்கும். வெப்பமாக வீணாவதும் மிகுதி. புதிய முறையில் மின்னோட்டத்தை முதலில் திருத்தி, டிரான்சிஸ்டரால் நொடிக்கு 20,000 முறைக்கு மேல் நறுக்குகிறார்கள். நம் காதுக்கு எட்டாத அதிர்வெண் என்பதால் இரைச்சல் இல்லை. சிறிய ஃபெரைட் மின்மாற்றியே போதும். 1977இல் வந்த ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு ராட் ஹோல்ட் அமைத்தது இத்தகைய மின்வழங்கிதான்.

இங்கே ஒரு சுற்றுக்கு 50 மைக்ரோ வினாடிதான். டையோடு மூட 10 மைக்ரோ வினாடி எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று! அந்த நேரத்தில் டிரான்சிஸ்டர் ஏறக்குறையக் குறுக்குச்சுற்றையே சந்திக்கிறது. இரண்டும் சுடும், டிரான்சிஸ்டர் எரிந்தால் பழியும் அதன்மேல்தான் விழும்.

தங்கம் இலவசமாக உதவுவதில்லை. சூட்டில் கசிவு மின்னோட்டம் கூடும். கடத்தும்போது மின்னழுத்த இழப்பும் கூடும். ஆகவே பிளாட்டினத்தையும் எலெக்ட்ரான் கதிர்வீச்சையும் கையாண்டார்கள். 5 வோல்ட் போன்ற தாழ்ந்த வெளியீட்டுக்குத் துளைகள் தேங்காத ஷாட்கி டையோடு ஏற்றது. உயர் மின்னழுத்தத்துக்கான சிலிக்கன் கார்பைடு ஷாட்கி 2001இல் விற்பனைக்கு வந்தது.

கடையில் 1என்4007, எஃப்ஆர்107, யூஎஃப்4007 மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மூன்றும் 1 ஆம்பியர், 1000 வோல்ட். ஆனால் முதலாவது 50 ஹெர்ட்ஸுக்கு உரியது. இரண்டாவதன் மீட்சிக் காலம் 500 நானோ வினாடி, மூன்றாவதற்கு 75. மாற்றும்போது மேலே அச்சிட்ட எண்ணைப் படித்து வாங்குங்கள். அந்த மதிப்புகளும் 25 டிகிரி செல்சியஸில் அளந்தவை. மூடிய பெட்டிக்குள் டையோடு சுடச்சுட மீட்சிக் காலம் நீளும்.