யாழ்ப்பாணம், டொரன்டோ, ஒரகடம்

1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பல்! 1983 கலவரத்துக்குப் பின் கனடா போன ஈழத்தமிழருக்கு, டொரன்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் கிடைத்தன. புத்தகம் மட்டுமா? பிற்பாடு குடியேற்ற உதவியாளர்களும் நூலகத்திலேயே உட்கார்ந்து, எதற்கு எந்தப் படிவம் என்று சொல்லித்தந்தார்கள். ஆங்கிலம் பேசிப் பழக வட்டங்களும் உண்டு.

இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாருங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள் ஏராளம். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்று 1931-லேயே எழுதிய சீர்காழி ரங்கநாதன் நம்மவர்தான். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமும் (1948) நம்முடையதே. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை வழியே அவர்களும்தான் கட்டுகிறார்கள். ஒரு ஒடியா தினசரி வாங்கிப்போட அந்தக் காசு போதாதா?