தூசி உறிஞ்சியின் கதை

பிழைப்பை நாடி வேற்று மாநிலத்தில் குடியேறும் தமிழருக்கு, அவ்வூர் மொழி பழகுவதற்கு முன்பே அவ்வூர்த் தூசி பழகிவிடுகிறது. டில்லியில் கோடையின் உச்சத்தில் 'ஆந்தி' என்னும் புழுதிக் காற்று எழும்போது, சாளரங்களை எவ்வளவு இறுக மூடினாலும் சிறிது நேரத்தில் மேஜையின்மேல் விரலால் பெயர் எழுதலாம். மும்பையிலும் பெங்களூரிலும் ஓயாத கட்டட வேலை சிமெண்டுப் பொடியை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. நமது துடைப்பம் தரையிலுள்ள தூசியைக் கூட்டித் தள்ளும்; ஆனால் சாளரச் சட்டத்தின் இடுக்கிலும், சோபாவின் தையலிலும், புத்தக அலமாரியின் மூலையிலும் அதற்கு வேலை இல்லை. அங்கெல்லாம் கைக்கு அடக்கமான ஒரு தூசி உறிஞ்சி, அதாவது மின்சாரக் கம்பியின்றி ஓடும் சிறிய வாக்குவம் கிளீனர், பெருந்துணையாக இருக்கிறது.

இக்கருவி பல குடும்பங்களுக்குப் புதிதாக வந்து சேர்வதில்லை. மாற்றலாகிப் போகும் அண்டை வீட்டார் விற்றுச் செல்லும் சாமான்களுள் ஒன்றாகவோ, பழம்பொருள் கடையில் சொற்ப விலைக்கோ கிடைக்கிறது. விசையை அழுத்தினால் ஒரு நிமிஷம் உறுமுகிறது. பிறகு குரல் கம்மி நின்றுவிடுகிறது. 'இது செத்துவிட்டது' என்று குப்பையில் போடுவதா, உயிர்ப்பித்து வேலை வாங்குவதா? இக்கேள்விக்கு விடை காண இந்த யந்திரத்தின் வரலாறே நமக்குக் கைகொடுக்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'வாக்குவம்' என்றால் வெற்றிடம். ஆனால் இந்த யந்திரத்தினுள் உண்மையான வெற்றிடம் எதுவும் இல்லை. ஒரு விசிறி வேகமாகச் சுழன்று உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. அதனால் உள்ளே அழுத்தம் சற்றுக் குறைகிறது. வெளிக்காற்று அந்தக் குறையை நிரப்ப வாய் வழியே பாய்ந்து வருகிறது. வரும்போது தூசியையும் வாரிக்கொண்டு வருகிறது. வடிகட்டி தூசியை நிறுத்திக்கொண்டு காற்றை மட்டும் விடுகிறது. விசிறி, வடிகட்டி, காற்றுப் பாதை ஆகிய மூன்றே இதன் உடல் உறுப்புகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பலர் தூசி அகற்றும் கருவிகளுக்குக் காப்புரிமை பெற்றனர். 1860-இல் டேனியல் ஹெஸ் துருத்தியோடு கூடிய ஒரு விரிப்புக் கூட்டியை அமைத்தார். 1869-இல் ஐவ்ஸ் மக்காஃபி கையால் சுழற்றும் விசிறி யந்திரம் ஒன்றைச் செய்தார். வேறு சிலர் காற்றை ஊதித் தூசியைப் பறக்கவிடும் யந்திரங்களை இயற்றினர். அத்தகைய ஒன்றை 1901-இல் லண்டனில் கண்ட ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியியலார், ஊதிய தூசி மீண்டும் அங்கேயே படிவதைக் கவனித்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. உணவு விடுதி ஒன்றில் நாற்காலியின்மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்புறத்தில் கறுப்பாகத் தூசி ஒட்டியிருந்தது. வடிகட்டியின் தத்துவம் முழுவதும் அந்தக் கைக்குட்டையில் அடங்கியிருந்தது.

அவ்வாண்டே அவர் செய்த யந்திரம் வீட்டினுள் நுழைய முடியாத அளவு பெரியது. குதிரைகள் இழுத்துவரும் வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்துவார்கள். பெட்ரோல் எஞ்சின் ஓடும். நீண்ட குழாய்கள் சாளரங்கள் வழியே வீட்டுக்குள் செல்லும். 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் விரிப்புகளைச் சுத்தம் செய்த பெருமை இந்த யந்திரத்துக்கு உண்டு. ஆனால் அன்றைக்கு அது செல்வர்கள் கூலி கொடுத்து வரவழைக்கும் ஒரு சேவையாக இருந்ததேயன்றி, இல்லத்துப் பொருளாக ஆகவில்லை.

அதனை இல்லத்துப் பொருளாக்கியவர் ஓர் எளிய மனிதர். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில், ஒரு பெரிய கடையைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்ளர். அவருக்கு ஆஸ்துமா. கூட்டும்போது கிளம்பும் தூசி அவருடைய மூச்சை அடைத்தது. வேலையை விட்டால் வருமானம் இல்லை. விடாவிட்டால் உடம்பு இல்லை. 1907-இல் அவர் ஒரு மின்விசிறியின் மோட்டாரை எடுத்தார். சோப்புப் பெட்டி ஒன்றில் அதைப் பொருத்தினார். துடைப்பக் கட்டையைக் கைப்பிடியாக்கினார். தலையணை உறையைத் தூசிப் பையாகக் கட்டினார். யந்திரம் ஓடியது; அவருக்கு மூச்சும் வந்தது. 1908-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய உறவினரான சூசன் ஹூவர் அம்மையாரின் கணவர் வில்லியம் ஹூவர், தோல் சாமான்கள் செய்து விற்றவர். குதிரைகளின் காலம் முடிந்து மோட்டார்களின் காலம் பிறப்பதை உணர்ந்திருந்த அவர் அந்த உரிமையை வாங்கித் தொழிலைத் தொடங்கினார். பிற்காலத்தில் இங்கிலாந்து மக்கள் இந்த வேலைக்கே 'ஹூவர் செய்தல்' என்று பெயரிடும் அளவுக்கு அது வளர்ந்தது.

இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். கையால் எடுத்துச் செல்லக்கூடிய முதல் மின்சாரத் தூசி உறிஞ்சிகளுள் ஒன்று, வேறு வேலைக்கென்று செய்த பொருள்களை ஒன்றுசேர்த்துப் பிறந்தது. பழையதைப் பிரித்துப் பார்த்துப் பயன்படுத்துவது இந்த யந்திரத்துக்கு ஏற்பட்ட தாழ்வன்று. அதன் பிறப்பே அப்படித்தான்.

அடுத்த அரை நூற்றாண்டில் யந்திரம் இலேசாயிற்று, அழகாயிற்று. ஆனால் சுவரோடு கட்டிய கம்பி மட்டும் அறுபடவில்லை. அதை அறுக்கும் சக்தி பாட்டரியிடம் இருந்தது. 1899-இலேயே ஸ்வீடன் நாட்டு வால்டெமர் யுங்னர் நிக்கல், காட்மியம் ஆகிய உலோகங்களைக் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க பாட்டரியைக் கண்டிருந்தார். அதைக் கசிவின்றி முழுதும் மூடிச் செய்யும் முறை 1947-இல் கைகூடிய பின்னரே கைக்கருவிகளுக்கு அது ஏற்றதாயிற்று. 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் கம்பியின்றித் துளையிடும் கருவியை வெளியிட்டது. விண்வெளி ஆராய்ச்சியிலிருந்தே கம்பியற்ற கருவிகள் பிறந்தன என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. கருவி முன்பே பிறந்துவிட்டது. அந்த அனுபவம் இருந்ததனால்தான், 1971-இல் அப்போலோ 15 சென்றபோது சந்திரனின் தரையைத் துளையிடும் கருவியை உருவாக்குவதில் அந்நிறுவனத்துக்குப் பங்கு கிடைத்தது. 1979-இல் அதே நிறுவனம் 'டஸ்ட்பஸ்டர்' என்னும் கைத் தூசி உறிஞ்சியைக் கடைக்குக் கொண்டுவந்தது. சுவரில் மாட்டி வைத்தால் தானே மின்னேறிக்கொண்டிருக்கும், வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வீடு வீடாகச் சென்று, விரிப்பின்மேல் யந்திரத்தை ஓட்டிக் காட்டி, தூசி உறிஞ்சியை நடுத்தரக் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்தார்கள். அவை கம்பியோடு கூடியவை. கம்பியற்றவை பெருகியது லிதியம் அயான் பாட்டரி வந்த பின்னரே. 1991-இல் ஸோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழிகோலிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மோட்டாரும் விசிறியும் நூறாண்டுக்கு மேல் அனுபவம் கண்டவை, எளிதில் கெடமாட்டா. பிந்தி வந்து சேர்ந்த பாட்டரியே முந்திச் சாகும் உறுப்பு. கம்பியினின்று பெற்ற விடுதலைக்கு நாம் கொடுக்கும் விலை அது. எனவே 'யந்திரம் செத்துவிட்டது' என்று கேட்டால், 'எந்த உறுப்பு?' என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

கைக்கு வந்த பழைய கருவியை முதலில் சுத்தம் செய்வோம். தூசிக் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டி, காற்றுப் பாதையில் சிக்கிய முடியையும் நூலையும் எடுத்துவிட வேண்டும். துணி வடிகட்டியை, கழுவத்தக்கது என்று குறிப்பு இருந்தால் மட்டும் நீரில் அலசி, ஒரு நாள் முழுதும் நிழலில் உலர்த்த வேண்டும். ஈர வடிகட்டி மோட்டாரைக் கெடுக்கும். உறிஞ்சும் வலிமை குறைந்ததற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். மோட்டார் முழுக்குரலில் ஓடியும் உறிஞ்சவில்லையானால் குற்றம் காற்றுப் பாதையில். உறிஞ்சத் தொடங்கிச் சிறிது நேரத்தில் சுருதி இறங்கினால் குற்றம் பாட்டரியில்.

அடுத்தது சார்ஜர். பழம்பொருளோடு வேறொரு கருவியின் சார்ஜர் வந்திருப்பதுண்டு. முனை பொருந்துவது போதாது. கருவியின்மேல் அச்சிட்ட வோல்ட் அளவும் பிளஸ், மைனஸ் குறியும் சார்ஜரின்மேல் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும்.

பிறகு பாட்டரியின் சாதியை அறிய வேண்டும். நிக்கல் வகையில் ஒவ்வொரு கலமும் 1.2 வோல்ட், லிதியம் வகையில் ஏறக்குறைய 3.6 வோல்ட். நிக்கல் வகை, சுவரிலேயே ஓயாது மாட்டிக் கிடந்தால் சூடேறி உள்ளே வறண்டு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகச் சக்தி இழக்கும். லிதியம் வகை நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தால் உட்புறச் செம்பு கரைந்து, மறுபடி மின்னேற்றும்போது உள்ளுக்குள்ளேயே குறுக்கோட்டம் ஏற்படக்கூடும், தீப்பற்றவும் கூடும். ஆகையால் செத்த லிதியம் கலத்துக்கு வலிந்து உயிரூட்டும் கைவைத்தியங்களை நாம் தவிர்க்க வேண்டும். உப்பிய கலத்தைத் தொடவே கூடாது. நிக்கல் பாட்டரி இருந்த இடத்தில் லிதியம் கலங்களை வைப்பதும் ஆபத்து. ஒரு கலம் 4.2 வோல்டை எட்டியதும் நிறுத்த வேண்டும் என்பது பழைய சார்ஜருக்குத் தெரியாது. அதே வகை, அதே வோல்ட், அதே அளவுள்ள புதிய பாட்டரியை வாங்கி மாற்றுவதே நேர்வழி. கலங்களைப் பற்றவைத்துச் சேர்க்க வேண்டியிருந்தால் அது கைதேர்ந்தவர் வேலை. மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி மார்க்கெட், டில்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட் ஆகிய இடங்கள் மின்கருவிச் சாமான்களுக்குப் பெயர் பெற்றவை. பாட்டரியின் விலையையும் கூலியையும் கேட்டறிந்து, புதுக் கருவியின் விலையோடு ஒப்பிட்ட பின் தீர்மானிப்பது விவேகம்.

உயிர் பெற்ற கருவியை அதன் இயல்பறிந்து பயன்படுத்த வேண்டும். அது நீண்ட நேரம் கூட்டும் துடைப்பமன்று; சில நிமிஷ வேலைக்கு ஏற்றது. ஈரப்பொருளையும், ஊதுவத்திச் சாம்பல் போன்ற கனன்று கிடப்பவற்றையும் அதற்குக் கொடுக்கலாகாது. வேலை முடிந்தவுடன் கிண்ணத்தைக் கொட்டி வைத்தால் அடுத்த முறை முழுவலிமையோடு ஓடும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது லிதியம் பாட்டரியைப் பாதியளவு மின்னேற்றி, வெயில் படாத இடத்தில் வைத்துச் செல்வது நலம்.

கழற்றிய பழைய பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் இடலாகாது. காட்மியம் நஞ்சு, மண்ணில் சேர்ந்தால் நீருக்கும் பயிருக்கும் பரவும். 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட பாட்டரிக் கழிவு விதிகள், பழைய பாட்டரிகளைத் திரட்டும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் சுமத்தி, அவற்றைத் தனியே பிரித்துக் கொடுக்கும் கடமையை நமக்கு வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் செய்த சட்டம், 2027 பிப்ரவரி முதல் கைக்கருவிகளின் பாட்டரியைப் பொதுவாக உடையவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்று விதிக்கிறது. பழுதுபார்க்க இயலாதபடி மூடி ஒட்டி விற்கும் வழக்கத்துக்கு இது ஒரு தடை.

வாடகை வீட்டில் வாழ்ந்து, ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்களுக்குச் சாமான் குறைவாக இருப்பதே சௌகரியம். இருப்பது உழைப்பதே சிக்கனம். தன் மூச்சைக் காத்துக்கொள்ள, கைக்கெட்டிய சாமான்களைக் கொண்டே ஒரு யந்திரம் செய்தார் கடை கூட்டிய ஒரு தொழிலாளி. அதன் வழித்தோன்றல் ஒன்று நம் கைக்கு வரும்போது, ஒரு வடிகட்டியை அலசி, ஒரு பாட்டரியை மாற்றும் பொறுமையாவது நமக்கு இருக்க வேண்டாமா?