தெர்மோவிஷன்: பேர் இருக்கு, கம்பெனி எங்கே?

சேத்துப்பட்டுன்னதும் சென்னை ரயில்வே ஸ்டேஷனை நினைச்சுக்காதீங்க. இது ஆரணி பக்கத்து சேத்துப்பட்டு. பட்டுத்தறி ஊர்க்காரனுக்குக் கேமரா கதை எதுக்குன்னு கேட்பீங்க. தறிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, பொறுங்க.

சப்ஸ்டேஷன்ல ஒரு ஜாயிண்ட் லூஸானா அந்த இடம் சூடாகும். கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைப் படமாகக் காட்டும் கேமரா இருந்தால், லைனை நிறுத்தாமலே கண்டுபிடிச்சிடலாம். நம்ம நாட்டு மின்துறையில் இதுக்கு "தெர்மோவிஷன் கேமரா"ன்னு பேர். டெண்டரில்கூட அப்படித்தான் எழுதுவாங்க. ஆனால் ஜெராக்ஸ் மாதிரி, இதுவும் ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வெச்ச பேர்தான்!

அந்தக் கம்பெனி ஸ்வீடன் நாட்டு ஆகா. கலங்கரை விளக்குக்கு கேஸ் விளக்கு செய்து பேர் வாங்கினவங்க. அதை நடத்திய குஸ்டாஃப் தாலேனுக்கு 1912-ல் இயற்பியல் நோபல் பரிசே கிடைச்சது. 1965-ல் இவங்கதான் மின்கம்பிகளைச் சோதிக்க முதல் வணிகரீதியான வெப்பக் கேமராவை விற்றாங்க. சென்சாரைக் குளிர வைக்க திரவ நைட்ரஜன் ஊற்றணும். தூக்கிட்டுப் போறதே பெரிய வேலை. பின்னாடி இந்தப் பிரிவு ஏஜெமான்னு தனிக் கம்பெனி ஆச்சு.

அமெரிக்காவில் இன்ஃப்ராமெட்ரிக்ஸ்னு ஒரு போட்டியாளர் இருந்தாங்க. 1978-ல் போர்ட்லண்டில் ஃப்ளிர் வந்தது. ஃப்ளிர் என்ன செய்தது தெரியுமா? 1990-ல் ஹியூஸ் நிறுவனத்தின் வெப்பக் கேமரா பிரிவை வாங்கியது. 1997-ல் ஏஜெமா. 1999-ல் இன்ஃப்ராமெட்ரிக்ஸ். 2004-ல் சென்சாரே செய்யும் இண்டிகோ. பத்து பதினைந்து வருஷத்தில் எதிரிகள் எல்லாம் ஒரே வீட்டுக்குள்ளே! கடைசியில் 2021-ல் ஃப்ளிரையே டெலிடைன் சுமார் 800 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு.

இதில் வாங்குறவனுக்கு என்ன நஷ்டம்? வெப்பக் கேமரா வாங்கினதோட கணக்கு முடியாது. அது டிகிரி கணக்கில் சூட்டை அளக்குது. அதனால் அவ்வப்போது காலிபிரேஷன் செய்யணும். பேட்டரி, லென்ஸ், மென்பொருள் எல்லாம் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியோடதுதான். அதாவது வருஷக்கணக்கில் தொடரும் உறவு. கம்பெனி கை மாறினால், பழைய மாடலுக்கு சர்வீஸ் உண்டா இல்லையான்னு முடிவு செய்வது புது முதலாளி. கோபிச்சுக்கிட்டுப் போட்டியாளர்கிட்ட போகலாம்னு பார்த்தால், அவரும் இதே முதலாளிகிட்ட!

நியாயமும் சொல்லணும். நைட்ரஜன் தேவைப்படாத சென்சார் வந்து, உற்பத்தி பெருகி, விலை இறங்கியது. 2013-ல் ஃப்ளிரின் ஈ4 மாடல் 995 டாலர். அந்த வருஷமே சில ஆர்வலர்கள் அதை நோண்டிப் பார்த்தாங்க. ஈ4 காட்டியது 80க்கு 60, அதாவது 4,800 புள்ளி. உள்ளே இருந்ததோ பல மடங்கு விலையுள்ள ஈ8-ன் அதே சென்சார், 76,800 புள்ளி! மென்பொருளால் பூட்டி வெச்சிருந்தாங்க. பதினாறு மடங்கு திறன் கையிலேயே இருக்கு, சாவி மட்டும் இல்லை. சட்டப்படி தப்புன்னு சொல்ல வரலை. ஆனால் பக்கத்துக் கடையில் அதே விலைக்குப் பூட்டாத சரக்கு கிடைச்சிருந்தால் இந்தப் பூட்டு போட்டிருப்பாங்களா?

பதில் அடுத்த வருஷமே கிடைச்சது. 2014-ல் சீக் தெர்மல்னு ஒரு புதுக் கம்பெனி, போனில் சொருகும் வெப்பக் கேமராவை 199 டாலருக்கு விற்றது. 206க்கு 156 புள்ளி. பிறகு சீனக் கம்பெனிகளும் களத்தில் இறங்க, குறைந்த விலையிலேயே கூடுதல் புள்ளிகள் வர ஆரம்பிச்சது.

இப்போ தறிக்கு வர்றேன். ஒரே முதலாளிகிட்ட பாவும் ஊடையும் வாங்கி, நெய்த சேலையை அவர்கிட்டயே கொடுக்கும் நெசவாளியால் கூலி பேச முடியுமா? ஊரில் இன்னொரு முதலாளி இருந்தால்தான் பேச்சுக்கே இடம். லட்ச ரூபாய் கேமரா வாங்கும் பெரிய ஆபீசுக்கும் அதே நிலைமைதான்.

உங்க தொழிலுக்கு இந்தக் கேமரா வாங்கறதா இருந்தால், புள்ளிக் கணக்கை மட்டும் பார்க்காதீங்க. காலிபிரேஷன் எங்கே, எவ்வளவு? ஐந்து வருஷம் கழிச்சு பேட்டரி கிடைக்குமா? படத்தை வேறு மென்பொருளில் திறக்கலாமா? இந்த மூணையும் பணம் கட்டறதுக்கு முன்னாடியே எழுத்தில் வாங்கிக்கோங்க.