கடல்வாணிகமும் மகளிரும்: சுமதி மொரார்ஜி வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்வதில்லை என்னும் கருத்துடைய நூற்பா ஒன்று தொல்காப்பிய அகத்திணையியலில் உளது. இளம்பூரணர் அதனைக் கடற்செலவு பற்றியதாகவே கொண்டார். நச்சினார்க்கினியரோ, மூன்று நீர்மை எனச் சொல்லைப் பிரித்து, ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவிலும் தலைவியை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என உரை வகுத்தார். இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வழக்கைத் தீர்ப்பது ஈண்டு நம் நோக்கமன்று. நூற்பா 'வழக்கம்' என்றே கூறுகிறது. விலக்கு என்று கூறவில்லை. இந்நுண்மை நோக்கத்தக்கது. ஆயினும் வழக்கமே நாளடைவில் விலக்காக இறுகுதல் உலகியல்பு. மணிமேகலையை மணிபல்லவத்திற்குச் செலுத்த நேர்ந்த இடத்தும் சாத்தனார் கலத்தை நாடினாரல்லர். கடற்றெய்வமே துயிலும் அவளை வான்வழி எடுத்துச் சென்றது. கதைப்போக்குக்கு அஃது இன்றியமையாதது என்பர், அவ்வாறே ஆகுக.

பிற்காலத்தில் இவ்வழக்கம் எங்கு, எவ்வாறு நெகிழ்ந்தது என்று காண்பதற்கு இந்தியக் கப்பல் தொழிலின் வரலாறு பெரிதும் துணைசெய்யும். அதன் தொடக்கம் தமிழ்நாட்டிலேயே ஓர் இடர்ப்பாட்டொடு நிகழ்ந்தது. 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் நிறுவிய சுதேசி நாவாய்ச் சங்கம் பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனியின் கட்டணப் போட்டிக்கும் அரசின் அடக்குமுறைக்கும் ஆற்றாது 1911க்குள் அழிந்தது. எட்டாண்டு கழித்துப் பம்பாயில் நரோத்தம் மொரார்ஜியும் வால்சந்த் ஹீராசந்தும் பிறரும் கூடிச் சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினர். குவாலியர் மன்னரிடமிருந்து வாங்கப்பட்ட 'லாயல்டி' என்னும் கப்பல் 1919 ஏப்ரல் 5ஆம் நாள் பம்பாயினின்று இலண்டனை நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே 1964 முதல் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. தூத்துக்குடியை வீழ்த்திய அதே பகைவரே பம்பாயாரையும் எதிர்த்தனர். எனினும் இவர்கள் 1923இல் பத்தாண்டு உடன்படிக்கை ஒன்றுக்கு இணங்கி, அயல்நாட்டு வாணிகத்தை விட்டுக்கொடுத்துக் கரையோரச் சரக்கைப் பற்றிக்கொண்டு உயிர்பிழைத்தனர். வீரம் குறைந்த வழி எனினும் நிலைத்த வழி அதுவே.

இக்கம்பெனிக்கு மருமகளாக வந்தவரே சுமதி. 1909 மார்ச்சு 13ஆம் நாள் பம்பாயில் மதுராதாஸ் கோகுல்தாஸ் என்னும் பெருஞ்செல்வர்க்கு மகளாய்ப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜமுனா. நரோத்தமின் ஒரே மகனான சாந்திகுமாரை இளமையிலேயே மணந்தார். சுமதி என்னும் பெயர் புகுந்த இடத்தில் வழங்கியது. இருபது வயதளவில் கம்பெனியை நடத்திவந்த நிருவாக முகமை நிறுவனத்துள் இடம்பெற்றார். 1929இல் நரோத்தம் மறைந்தார். வால்சந்த் தலைமை ஏற்று 1950 வரை நடத்தினார்.

நிருவாக முகமை என்பது யாது எனச் சிறிது விளக்குதல் வேண்டும். இம்முறை 1970இல் ஒழிந்துவிட்டமையின் இக்கால மாணவர் அறியார். கம்பெனியின் பங்குகள் பலர்க்கு உரியவை. ஆட்சியோ, உடன்படிக்கையால் அமர்த்தப்பட்ட ஒரு குடும்ப நிறுவனத்துக்கு உரியது. எனவே அக்குடும்பத்துள் இடம்பெற்றார் யாவரும் விளம்பரம், தேர்வு, பதவி உயர்வு என்னும் படிகள் எவையும் ஏறாமலே ஆட்சியறையுள் நுழையலாம். ஆடவர் சான்றிதழ் காட்டி ஏறிய படியில் மகளிர்க்கு இடமில்லாத காலத்தில் சுமதி உறவின் வாயிலாக உள்ளே புகுந்தார். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அவ்வாயில் வழியே புகுந்த ஆடவரும் பலர். ஆயின் வாயில் எது என்பதை மறைத்து அவர் பெருமையை மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது.

புகுந்தபின் அவர் ஆற்றிய பணி உறவால் விளக்கத்தக்கதன்று. 1942 முதல் 1946 வரை விடுதலைப் போராட்டத்தின் மறைமுகப் பணிகளில் ஈடுபட்டார். காந்தியடிகளுடன் நெருங்கிய தொடர்பு அவர்க்கு இருந்தது. 1946 அளவில் ஆறாயிரத்தின் மேற்பட்ட பணியாளரைக் கொண்ட அமைப்பின் பொறுப்பு முழுவதும் அவர் கையில் வந்தது. 1948 மார்ச்சு 14ஆம் நாள், விசாகப்பட்டினத்தில் சிந்தியா தளத்தில் கட்டிய முதற்கப்பலாகிய 'ஜல உஷா'வை நேரு வெள்ளோட்டம் விட்டார். 1956இல் இந்தியக் கப்பல் உடைமையாளர் சங்கத்தின் தலைவராகச் சுமதி தேர்ந்தெடுக்கப்பெற்றார். அடுத்த இரண்டாண்டும், மீண்டும் 1965இலும் அப்பதவி அவர்க்கே கிடைத்தது. குடும்ப முகமை கொடுக்கவல்ல பதவி அன்று இது: போட்டிக் கம்பெனியாரே வாக்களித்து அளிப்பது. ஆதலின் அவர் வரலாற்றில் சிறந்த சான்றாக யாம் கொள்வது இதனையே. அவர் காலத்தில் கம்பெனியின் கலங்கள் 43 ஆகவும், அவற்றின் சுமைதிறன் 5,52,000 டன்னாகவும் பெருகின. 1970இல் இலண்டனிலுள்ள உலகக் கப்பற் கூட்டமைப்பின் துணைத்தலைவரானார். 1971இல் பத்மவிபூஷண் விருது பெற்றார்.

பிற்பகுதி துயரமானது. 1979 முதல் அவர் கம்பெனித் தலைவராக இருந்தார். கடன் மிகுந்து 1987இல் அரசு அதனைத் தன்பொறுப்பில் எடுத்தது. 1998 சூன் 27ஆம் நாள் அவர் மறைந்தார்.

இனி ஒரு வினா எழும். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடலோடிகளை ஆண்ட ஒரு பெண்மணி, மற்றொரு பெண் கலமேற வழிசெய்தாரா? அவர் உச்சநிலையில் இருந்த காலத்தில் தளத்திலும் பொறியறையிலும் இந்தியப் பெண்ணொருத்தி அலுவல் பார்த்ததாகக் காண்டற்கில்லை. உருசியாவில் அன்னா செத்தினினா 1935இலேயே ஆழ்கடற் கப்பலின் தலைவராகிவிட்டார் என்பதை நோக்க, இவ்வேறுபாடு பெரிதே. உடைமைக்கும் கடலோட்டத்துக்கும் வாயில் வேறு. ஒன்று திறந்தமையால் மற்றது திறவாது. சுமதி மறைந்த மறு ஆண்டாகிய 1999இல்தான் சோனாலி பானர்ஜி கொல்கத்தாவில் பயிற்சி முடித்து இந்தியாவின் முதற்பெண் கடற்பொறியாளரானார்.

அடுத்த வாயில் எதிர்பாராத இடத்தில் அமைந்தது. கேரளத்துக் கொடுங்கல்லூரினரான ராதிகா மேனன் இந்தியக் கப்பற்கழகத்தில் வானொலி அலுவலராகச் சேர்ந்தார். செய்தி பெறுதலும் விடுத்தலும் ஆகிய அப்பணி, கலத்தைச் செலுத்தும் பணியன்று. 1999இல் உலகளாவிய இடர்க்காலச் செய்தித் தொடர்புமுறை முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் அப்பதவிக்குத் தேவையே குன்றியது. பலர்க்கு முடிவான அம்மாற்றம் அவர்க்குத் தொடக்கமாயிற்று. தளத்தேர்வுகளை எழுதித் தேறி, இந்திய வணிகக் கப்பற்படையின் முதற்பெண் தலைவராக உயர்ந்தார். 2015 சூனில் ஒடிசாக் கடலில், கொந்தளிப்பிடையே பழுதுற்றலைந்த படகினின்று மீனவர் எழுவரை அவர் மீட்டார். 2016இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் வீரவிருதைப் பெற்ற முதற்பெண் அவரே.

2021ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகக் கப்பல்களில் பணிபுரிந்த பெண்டிர் 24,059 பேர். மொத்தக் கடலோடிகளில் நூற்றுக்கு ஒன்றேகால் அளவினரே. தமிழ்நாட்டின் பங்கைச் சுட்ட விழைவார்க்கு ஒரு செய்தி: மணல்மேடுகள் ஓயாது இடம்பெயரும் ஊக்ளி ஆற்றில் கலங்களை வழிநடத்தும் பணிக்கு 2018இல் தகுதிபெற்ற இந்தியாவின் முதற்பெண் வழிகாட்டியாகிய ரேஷ்மா நிலோபர் நாகா, சென்னையிற் பிறந்தவர்.