கையை இழந்த கைக்கடிகாரம்

செல்வர் வீடுகளின் அலுமாரிகளில் இன்று ஒரு புதுவகைப் பெட்டி இடம்பெற்றிருக்கிறது. மெருகேற்றிய மரத்தாலான அப்பெட்டியின் முகப்பிலே கண்ணாடிக் கதவு. உள்ளே மென்துணி போர்த்த சிறு திண்டுகள். ஒவ்வொரு திண்டையும் தழுவியவாறு விலையுயர்ந்த ஒரு கைக்கடிகாரம். மறைந்திருக்கும் சிறு மின்மோட்டார் அத்திண்டுகளை மெல்லச் சுழற்றுகிறது, சற்றே ஓய்கிறது, மீண்டும் சுழற்றுகிறது. எவரும் அணியாத கடிகாரங்கள், எவரும் பாராத வேளையிலும், நேரத்தைக் காட்டிக்கொண்டேயிருக்கின்றன. அணிபவரின் கையசைவினால் தானாகவே முறுக்கேறும் கடிகாரத்துக்கு, கை இல்லாத வேளையில் கையின் வேலையைச் செய்துகொடுப்பதே இப்பெட்டியின் தொழில்.

இதனைச் செல்வரின் விளையாட்டுப் பொருளென்று சிரித்து ஒதுக்கிவிடலாம். ஆயினும், ஒரு பொருளின் வரலாறு அதனைச் செய்த மனிதரின் வரலாறுமாகும். தானியங்கிக் கடிகாரம் எத்தேவையிலிருந்து பிறந்தது, அதனை ஆக்கிய கைகள் யாருடையவை, இறுதியில் அது கையே வேண்டாத பொருளாக மாறியது எவ்வாறு என்று ஆராய்வோமாயின், இச்சிறு பெட்டிக்குள் இருநூற்றைம்பது ஆண்டுச் சமுதாய வரலாறு சுழன்றுகொண்டிருப்பதைக் காணலாம்.

கடிகாரத்தின் உயிர் சுருள்வில்லிலே உள்ளது. முறுக்கப்பட்ட வில் மெல்ல மெல்ல விரியும்போது வெளிப்படும் ஆற்றலே பற்சக்கரங்களை இயக்குகிறது. வில் முற்றாக விரிந்ததும் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே நாள்தோறும் அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். மனிதன் மறதியுடையவன். நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் உடல் இயல்பாக அசைகிறதே, அவ்வசைவைக் கொண்டே வில்லை முறுக்கினால் என்ன என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. உட்புறத்தே ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டு, அது ஆடும்போதெல்லாம் வில் சிறிது சிறிதாக முறுக்கேறும்படி செய்தனர். சுவிற்சலாந்தின் யூரா மலைப்பகுதியில் லெ லோக்ல் என்னும் ஊரைச் சேர்ந்த ஆபிரகாம் லூயி பெரெலே 1770களில் இத்தகைய சட்டைப்பைக் கடிகாரத்தைச் செய்தார் எனக் கூறுவர். லியேஜ் நகரத்து உபேர் சார்த்தோன் 1778இல் பரிசு விஞ்ஞானக் கழகத்தின் முன் தமது அமைப்பைச் சமர்ப்பித்தார். முதல்வர் யார் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு காலத்தின் தேவையும் தொழில்நுட்ப வளர்ச்சியும் ஒருங்கே கனியும்போது ஒரே எண்ணம் பல இடங்களில் முளைப்பது வரலாற்றில் புதுமையன்று.

அன்று இக்கடிகாரங்களை வாங்கக்கூடியவர் யாவர்? பரிசு நகரத்துப் பிரெகே என்னும் பெருங்கலைஞரின் வாடிக்கையாளர் அரசரும் பிரபுக்களுமே. 1783இல் அரசி மரி அந்துவானெத்துக்கென ஒரு கடிகாரம் அவரிடம் பணிக்கப்பட்டது. அக்காலம் அறிந்திருந்த நுட்பங்கள் யாவும் அதில் அமையவேண்டும். தானாக முறுக்கேறவும் வேண்டும். வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதனிடையே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793இல் அரசி கொலைக்கருவிக்கு இரையானாள். 1823இல் பிரெகேயும் மறைந்தார். 1827இல், அரசி இறந்து 34 ஆண்டுகள் கழிந்தபின், கடிகாரம் முற்றுப்பெற்றது. அணிபவரின் அசைவால் உயிர்பெறவேண்டிய கருவி, அணிவதற்கு ஆளின்றியே பிறந்தது. பின்னாளில் வரவிருந்த சுழற்றுப்பெட்டிக்கு இதுவே ஒரு முன்னறிகுறி போலும்!

இத்தகைய பெயர்பெற்ற கலைஞர்களுக்குப் பின்னால் பெயரற்ற ஆயிரம் ஆயிரம் கைகள் இருந்தன. யூராப் பள்ளத்தாக்குகளிலே குடியானவர் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் கடிகார வேலை பரவியது. ஒருவர் சக்கரம் வெட்டுவார். ஒருவர் வில் செய்வார். மற்றொருவர் முட்களைத் தீட்டுவார். இன்னொருவர் முகப்புத் தகட்டுக்கு மெருகிடுவார். தம் கையால் உருவான உறுப்பு எக்கடிகாரத்தில் சேர்ந்தது என்பதைச் செய்தவர் அறியார். வேலைப் பிரிவினையை விளக்கப் புகுந்த மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் கடிகாரத் தொழிலையே சிறந்த எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டு, அதன் உட்பிரிவுத் தொழிலாளரை நீண்டதொரு பட்டியலாகத் தருகிறார். 1854இல் ஜெனீவா 80,000 கடிகாரங்களை உற்பத்தி செய்ததென்றும், லா ஷோ த போன் என்னும் ஊர் மட்டுமே அதனிலும் இருமடங்கு உற்பத்தி செய்ததென்றும் குறிப்பிடும் அவர், அவ்வூர் முழுவதையுமே ஒரு பெருந்தொழிற்சாலையாகக் கொள்ளலாம் என்கிறார்.

அக்கைகளுக்கு உரியவர்கள் சிந்திக்கவும் செய்தனர். சிறு பட்டறைகளில் அருகருகே அமர்ந்து வேலை செய்தபடியே அவர்கள் நூல்களையும் அரசியலையும் விவாதித்தனர். மார்க்ஸோடு முரண்பட்டுப் பக்கூனின் பக்கம் நின்றவர்களின் மாநாடு 1872 செப்தெம்பரில் சான் இமியே என்னும் கடிகார ஊரில் கூடியது தற்செயலன்று. அதே ஆண்டு அப்பகுதிக்கு வந்த குரொப்பொட்கின், அத்தொழிலாளரின் சுதந்திர உணர்வும் தெளிவுமே தமது கொள்கையை உறுதிசெய்தன என்று பின்னர் தமது நினைவுக்குறிப்புகளில் எழுதினார். அவர்தம் வழி சரியோ பிழையோ என்பது வேறு வாதம். உலகத்துக்கு நேரம் செய்து கொடுத்தவர்கள் தமது நேரம் யாருக்குரியது என்று கேட்கத் தொடங்கினர் என்பதே இங்கு நாம் கவனிக்கவேண்டியது.

தானியங்கி முறை சட்டைப்பைக் கடிகாரத்தில் வேரூன்றவில்லை. பைக்குள் தொங்கும் கடிகாரத்துக்கு அசைவு போதாது. கடிகாரம் பையிலிருந்து மணிக்கட்டுக்கு வரவேண்டியிருந்தது. அம்மாற்றத்தை விரைவுபடுத்தியது முதலாம் உலகப் போர். பதுங்குகுழியிலே துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க்குப் பையைத் துழாவ நேரமேது? போரில் பங்குகொண்ட ஆங்கிலேயருள் ஜோன் ஹாவூட்டும் ஒருவர். 1893இல் போல்ட்டன் நகரிற் பிறந்து, கடிகாரம் திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட அவர், பின்னர் மான் தீவில் பட்டறை நடத்தினார். சேற்றிலும் புழுதியிலும் உழலும் கைக்கடிகாரத்துக்குப் பெரும் பகை, சாவிக்குமிழ் நுழையும் துவாரமே என்பதை அவர் கண்டார். ஈரமும் தூசியும் அவ்வழியாகவே புகுந்தன. குமிழையே அகற்றிவிட்டால்? குமிழ் இல்லையெனில் வில்லை முறுக்குவது கையின் அசைவாகத்தான் இருக்கவேண்டும். முட்களைத் திருத்த முகப்பு வளையத்தைத் திருப்பினாற் போதும்.

1924இல் சுவிற்சலாந்தில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1926 முதல் அக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. அரை வட்டமாக ஆடி இருபுறமும் முட்டித் திரும்பும் எடையைக் கொண்ட அது, முழுமையாக முறுக்கேறினால் ஏறத்தாழ 12 மணி நேரம் ஓடியது. இந்நிலையில் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. 1931இல் ஹாவூட்டின் நிறுவனம் வீழ்ந்தது. அதே ஆண்டில் ரோலெக்ஸ் நிறுவனம் முழு வட்டமாகச் சுழலும் எடையோடு தனது தானியங்கிக் கடிகாரத்தை வெளியிட்டது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல நிறுவனங்கள் இம்முறையைக் கைக்கொண்டன. ஆசிரியரும் எழுதுவினைஞரும் தொழிலாளரும்கூட வாங்கத்தக்க விலையிலும் அது கிடைத்தது. திருத்துபவனின் பட்டறையிற் கனிந்த எண்ணம் சாதாரண மனிதரின் கைக்கு வந்து சேர்ந்த காலம் அது.

1969 டிசெம்பர் 25ஆம் நாள் யப்பானின் செய்க்கோ நிறுவனம் படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. மின்கலத்தால் இயங்கும் படிகத்தின் அதிர்வு, எந்தச் சுருள்வில்லும் எட்டமுடியாத துல்லியத்தைத் தந்தது. விலையும் விரைவிலேயே வீழ்ந்தது. 1970 அளவில் சுவிற்சலாந்துக் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980களின் நடுப்பகுதியில் எஞ்சியோர் ஏறத்தாழ 30,000 பேரே. தலைமுறை தலைமுறையாகப் பயின்ற கைத்திறன் ஒரே தலைமுறையில் வேண்டாததாயிற்று. யூராவின் பிரெஞ்சுப் பக்கத்திலுள்ள பெசான்சோன் நகரில், ஆட்குறைப்புத் திட்டத்தை அறிந்த லிப் தொழிற்சாலைத் தொழிலாளர் 1973 யூன் மாதத்தில் ஆலையைக் கைப்பற்றி, தாமே கடிகாரங்களைச் செய்து, தாமே விற்று, தமக்குத் தாமே சம்பளமும் வழங்கிக்கொண்டனர். கைகள் தம்மைத் தாமே இயக்கிய அரிய கணம் அது.

இந்த அழிவிலிருந்து மீண்ட இயந்திரக் கடிகாரம் பழைய உருவில் மீளவில்லை. நேரம் அறிய மலிவான படிகக் கடிகாரம் இருக்கையில், சுருள்வில் கடிகாரம் அந்தஸ்தின் சின்னமாயிற்று, பின்னர் முதலீடாயிற்று. ஒருவர் ஒன்றை அணிந்த காலம் போய், ஒருவர் பத்தைச் சேர்க்கும் காலம் வந்தது. கைகளோ இரண்டே. கழற்றி வைத்த தானியங்கி ஏறத்தாழ 40 மணி நேரத்தில் நின்றுவிடும். இங்கேதான் சுழற்றுப்பெட்டி நுழைகிறது. நாளொன்றுக்கு 650 முதல் 900 தடவை வரை, சிலவற்றை வலமாகவும் சிலவற்றை இடமாகவும் வேறு சிலவற்றை இருபுறமாகவும் அது சுழற்றுகிறது. வில் முழுதும் முறுக்கேறியபின் அதன் நுனி வழுகிவிடும்படி அமைந்திருப்பதால் அது அறுந்துபோவதில்லை.

இத்தகைய கருவி திருத்துபவரின் பட்டறையில் பயனுள்ளதே. பழுது பார்த்த கடிகாரம் செவ்வனே முறுக்கேறுகிறதா என்று சோதிக்க அவருக்கு அது வேண்டும். லீப் வருடங்களையும் கணக்கிற் கொள்ளும் நிரந்தர நாட்காட்டிக் கடிகாரம் நின்றுபோனால், நாளையும் மாதத்தையும் மீளத் திருத்துவது சிரமமான வேலை. அதற்கும் அது உதவும். ஆனால் இதிலுள்ள முரண்பாட்டைப் பாருங்கள். 2100ஆம் ஆண்டு வரை திருத்தம் வேண்டாதபடி கணக்கிட்டு அமைத்த கருவி, உடையவர் இரண்டு நாள் மறந்தால் வழிதவறிவிடுகிறது! பொதுவாக, நின்ற கடிகாரத்தைச் சிலமுறை முறுக்கி நேரம் வைக்க ஒரு நிமிடம் போதும். ஓயாது சுழல்வதாலோ உறுப்புக்கள் வீணே தேய்கின்றன.

கைத்திறனை இகழ்வது எமது நோக்கமன்று. அத்துணை நுண்ணிய சக்கரங்களைச் செய்த தொழிலாளியின் கை வணக்கத்துக்குரியது. உழைக்கும் உடலின் அசைவையே ஆற்றலாக மாற்றும் கருவி மனித அறிவின் அழகிய வெற்றி. அவ்வெற்றியின் பயன் உழைக்கும் கையிலிருந்து பிரிக்கப்பட்டதே எமது கவலை. பயன்மதிப்பு முற்றாக மறைந்து பரிவர்த்தனை மதிப்பு மட்டும் எஞ்சும்போது, கைக்கடிகாரத்துக்குக் கை வேண்டியதில்லை. கையைப்போல நடிக்கும் ஒரு மோட்டார் போதும்.

வகுப்பறையில் "கண்டுபிடித்தவர் யார்?" என்று வினவி ஒரு பெயரை விடையாகப் பெறுவதோடு நாம் அமைந்துவிடுகிறோம். யாருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது, யார் செய்தனர், இன்று யாரிடம் இருக்கிறது என்ற மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்க எமது மாணவர் பழகவேண்டும். அவ்வாறு கேட்கப் பழகியவனுக்கு, கண்ணாடிக் கதவின் பின்னே சுழலும் அக்கடிகாரம் நேரத்தை மட்டும் காட்டாது. தன்னைச் செய்த கைகளையும் காட்டும்.