அறநிலையமும் வெண்ணெயும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகப் பேராசிரியர் ஹாரி ஸ்டீன்பாக், புற ஊதாக் கதிர் பட்ட உணவில் வைட்டமின் 'டி' பெருகுவதைக் கண்டார். குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயை அது தடுத்தது. அம்முறையை ஒரே கம்பெனிக்கு விற்றுவிட அவர் இசைந்தாரில்லை. 1925ஆம் ஆண்டு முன்னாள் மாணவர் சிலர் அமைத்த அறநிலையத்திடம் காப்புரிமையை ஒப்படைத்தார். உரிமக் கட்டணத்தின் பெரும்பகுதி மீண்டும் ஆராய்ச்சிக்கே பயன்பட்டது. போற்றத் தக்க ஏற்பாடுதான்.

ஆயினும், மாநிலத்துப் பால்பண்ணையாளரின் வெண்ணெய் வாணிகம் கெடாதிருக்கும் பொருட்டு, மார்ஜரின் செய்வோருக்கு அவ்வறநிலையம் உரிமம் தர மறுத்தது. வெண்ணெய் வாங்க இயலாத ஏழை வீட்டார் உண்டது மார்ஜரினையே! நோயும் அவர்தம் பிள்ளைகளையே மிகுதியாகப் பற்றியது. 1940களில் எழுந்த வழக்கில் இம்மறுப்பும் பேசப்பட்டது. காப்புரிமைகள் செல்லா எனத் தீர்ப்பாயிற்று.