துண்டிலிருந்து கல்விக் கடன் வரை

கண்டி–திகனை வீதியில் உள்ள பல்லேகலையில் இன்று கிரிக்கெட் அரங்கும் கைத்தொழிற்பேட்டையும் கண்ணிற் படுகின்றன. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அது தோட்டம். ஜமைக்காவில் பயிற்சி பெற்று 1837-இல் இலங்கை வந்த ரொபர்ட் பொய்ட் டைட்லர் என்ற துரை அங்கே கோப்பியும் பின்னர் கொக்கோவும் பயிரிடுவித்தார். அவர் பெயரை நூல்கள் போற்றுகின்றன. மண்ணைக் கொத்தியவர்களின் பெயர்கள் செக்ரோலோடு மறைந்தன.

இந்தப் பழங்கதையை என் நினைவுக்குக் கொண்டுவந்தது ஒரு கடன் படிவம். கொழுந்தெடுக்கும் தாயொருத்தியின் மகள், எங்கள் பாடசாலை மாணவி, உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக எடுத்துச் சித்தியெய்தியவள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை மட்டும் மயிரிழையில் தவறவிட்டாள். தனியார் நிறுவனமொன்றில் ஊடகப் பட்டம் படிப்பதற்கான படிவத்தை நீட்டி, “கையெழுத்து வைக்கலாமா, சேர்? பிணைக்கு மாமா நிற்பார்” என்றாள்.

உழைப்பதற்கு முன்பே கடன்படுதல் மலையகத்துக்குப் புதிதன்று. தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி யாவும் தொழிலாளியின் பெயரில் ஏறின. பெரட்டில் முதல்நாள் நிற்கும்போதே அவன் கடனாளி. தோட்டம் மாற விரும்பினால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய துரை அந்தத் தொகையைக் கட்டுவார். கடன் ஆளோடு சேர்ந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும், பெரும்பாலும் முன்னிலும் பருத்து. கடனைச் சொல்லாமல் ஓடினால் 1865-ஆம் ஆண்டின் தொழிற் சட்டம் சிறையைக் காட்டியது. 1921-இல் துண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் கங்காணியின் கணக்குப் புத்தகம் ஒழியவில்லை.

அந்தக் கணக்கை மக்களுக்கு விளக்கியவர் யார்? தஞ்சையில் வணிகப் பத்திரிகை நடத்திவிட்டு இலங்கை வந்த கோ. நடேசய்யர். 1924-இல் ‘தேசபக்தன்’ இதழைத் தொடங்கினார். 1931-இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதோருக்கு அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டாகப் பாடிச் சொன்னார். இன்று தொடர்பாடல் என்று பாடநெறி வகுக்கிறோமே, அதனை இவ்விருவரும் எந்தப் பட்டமும் இன்றி நடத்திக்காட்டினர். அவர்களுடைய முதற்பாடமே கடன்தான்!

1945-இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணத்தை நீக்கியது. நானும் அந்த மரத்தின் கனியை உண்டவன். பேராதனையில் கட்டணம் செலுத்தாமல் தமிழ் படித்தேன். ஆனால் 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் தோட்டத்து ஓராசிரியர் பள்ளியிலேயே நின்றனர். 1960-களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விடுபட்டன. 1970-களிலேதான் அவை அரசின் கைக்கு வரத் தொடங்கின. அதற்குப் பிந்திய தலைமுறைதான் இப்போது பட்டப்படிப்பின் வாயிலை எட்டிப் பார்க்கிறது. வாயிலிலோ கடன் படிவம் நிற்கிறது.

2017-இல் அரசு வட்டியில்லாக் கல்விக் கடனைத் தொடங்கியது. தகுதியிருந்தும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாதோர் அரசு சாரா நிறுவனங்களிற் பயில அது உதவும். இதனைத் துண்டு என்று சொல்வது நேர்மையாகாது. வட்டியில்லை, ஓடினால் சிறையென்ற பழைய சட்டமும் இல்லை. கையெழுத்திடுபவர் படித்தவர். ஆயினும், கூலி எவ்வளவென்று தெரியுமுன்னே கடன் எவ்வளவென்று தெரிந்துவிடுகிறதே, அந்த ஒற்றுமையை எப்படி மறைப்பது?

எட்டு இலட்சம் ரூபா கடன் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டுகளில் அடைப்பதானால் மாதம் 8,300 ரூபாவுக்கு மேல். 2021-இல் வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்கூலியிற் கணக்கிட்டால் அது தாயின் 800 நாள் உழைப்பு. மாதம் இருபது நாள் வேலை கிடைத்தால் நாற்பது மாதம், ஒரு பிடி அரிசி வாங்காமல்! கூலி அதன்பின் ஏறியிருக்கிறது, அரிசியும் ஏறியிருக்கிறது.

மறுபுறம் வருமானம். மருத்துவம், கணக்கியல் போன்றதன்று ஊடகத் தொழில். தமிழ்ப் பத்திரிகைகள் சில, வானொலிகள் சில, தொலைக்காட்சிகள் சில, பெரும்பாலும் கொழும்பில். அங்கே தங்க வாடகை வேண்டும். 2022 நெருக்கடியில் அச்சுத்தாள் இன்றி நாளேடுகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தியதையும் கண்டோம். நிரந்தரச் சம்பளமின்றிச் செய்திக்கு இவ்வளவு என்று எழுதும் பிரதேச நிருபரிடம் மாதத் தவணையைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்.

அதனால் தோட்டத்துப் பெண் ஊடகம் படிக்கக் கூடாதென்பதா? இந்த வாதத்தை ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. வருமானத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தால் எழுதும் தொழில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே எஞ்சும். லயத்தின் செய்தியைக் கொழும்பிலிருந்து வருபவரே எழுதுவார். குறை அவள் தேர்ந்த பாடத்தில் இல்லை. தகுதி பெற்றவருக்கெல்லாம் இடம் தராத அரசு, இடத்துக்குப் பதிலாகக் கடனைத் தருகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடற் கற்கையும் கட்டணமின்றிப் பயிலலாம். மறுமுறை பரீட்சை எழுதச் சொன்னேன். அவள் தாய்க்கு ஓராண்டு வீணாவதில் வருத்தம். இளையவன் ஒருவன் இருக்கிறான். ஞாயிறு காலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையிற் படித்து எழுதியிருக்கிறாள். பெறுபேறு இன்னும் வரவில்லை. படிவம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.